அம்மாவின் கையெழுத்தை லினோ பிளாக்கில் ஏற்றுவது எப்படி? | கைவசம் ஒரு கலை

'கருவேப்பிலை 2 ஆர்க்கு.'

இந்த ஒரு வரியைத்தான் லினோகட்டாகச் செதுக்கப் போகிறேன் என்கிறார் திருநெல்வேலிப் பக்கத்து வாசகி ஒருவர். அவருடைய அம்மாவின் சமையல் நோட்டில், சொதிக்கான குறிப்பில் வரும் வரி அது. வரும் மாதத்தோடு அம்மா இறந்து ஒரு வருடம். நினைவு நாளுக்கு வரும் அண்ணன், தங்கை, பெரியம்மா, சித்தி வீட்டார் என 12 பேருக்கு, அம்மாவின் கையெழுத்தையே அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீடியோக்களைப் பார்த்து லினோ ஷீட், உளி செட், ரோலர் எல்லாம் வாங்கிவிட்டார். நோட்டுத் தாளுக்கு அடியில் கார்பன் பேப்பரை வைத்து, எழுத்தின் மேல் பால்பாயின்ட் பேனாவை ஓட்டி, ஒரு முறை முயற்சியும் செய்துவிட்டார். அச்சில் எழுத்து இடவலமாகத் திரும்பி வந்திருக்கிறது. அதைவிட மோசம், பேனா அழுந்திய தடம் நோட்டிலேயே விழுந்துவிட்டது.

"நல்லவேளை, அது கடுகு, உளுந்து வரி. இனிமே அந்த நோட்டைத் தொடவே பயமா இருக்கு. வேற வழி இருக்கா?" என்று மெயிலில் கேட்டிருந்தார்.

இந்த வாரம் முழுக்க அந்த அக்காவின் கேள்விக்குத்தான். லினோகட் கற்றுத்தருகிறவர்கள் உளி பிடிப்பதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். தாளில் இருப்பதை பிளாக்குக்கு மாற்றும் கட்டத்தை மட்டும் இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். கையெழுத்து மாதிரி ஒரு விஷயத்தில், ஜெயிப்பதும் கோட்டைவிடுவதும் அந்த இரண்டு வரிக்குள்தான்.

முதல் வேலை, நோட்டை மூடி வைப்பது!

அசல் தாளின் மேல் பென்சில்கூடப் படக் கூடாது. டிரேஸிங் பேப்பரை நேராக நோட்டின் மேல் வைத்து வரைவதும் வேண்டாம். டிரேஸிங் பேப்பர் மெல்லியது. எவ்வளவு மெதுவாக வரைந்தாலும் அழுத்தம் அடித்தாளுக்குப் போகும். சமையல் நோட்டு என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணெய்க் கை பட்டு, ஆவி பட்டு, தாள் ஏற்கெனவே நைந்துபோயிருக்கும்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நோட்டை விரித்து வையுங்கள். போனைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடித்து ஒரு போட்டோ எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். போன் சாய்ந்தால் வரியின் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் விழும். ஜெராக்ஸ் கடைக்கு நோட்டையே எடுத்துப்போகலாமே என்றால், தையல் உறுதியாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தும்போது பழைய நோட்டின் முதுகு பிரிந்துவிடும்.

கடையில் இரண்டு பிரின்ட் கேளுங்கள். ஒன்று நேராக, இன்னொன்று மிரர் இமேஜாக. 'மிரர் எல்லாம் வராதுக்கா' என்று கடைக்காரத் தம்பி சொன்னால் பரவாயில்லை. போன் கேலரியில் எடிட்டுக்குள் போய், படத்தை ஃப்ளிப் செய்து சேமித்து, அதைத் தனியாக அனுப்பிவிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

எந்த அளவு? நோட்டில் அந்த வரி 7 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் 17.5 செ.மீ. ஆகும். 21 செ.மீ. நீளமுள்ள ஏ5 அளவு லினோவில் இரு பக்கமும் கொஞ்சம் இடம்விட்டு உட்கார்ந்துவிடும். பெரிதாக்குவது அழகுக்காக மட்டுமில்லை. தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். 'வ', 'ல' போன்றவற்றின் சுழிக்குள் மாட்டும் லினோ, சின்னத் தீவு மாதிரி நிற்கும். அது மிளகு அளவுக்காவது இல்லையென்றால் செதுக்கும்போதே பெயர்ந்து வந்துவிடும்.

பிளாக்கில் படிக்க முடிகிறதா? அப்படியென்றால் தப்பு!

லினோ பிளாக்கை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பின் முகத்தில் எழுத்து திரும்பியிருக்கும், தாளில் குத்தினால் நேராக விழும். ஆக, பிளாக்கில் இருக்கும் எழுத்து திரும்பித்தான் இருக்க வேண்டும். எந்த முறையில் மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அக்காவுக்கு நடந்தது என்ன? கார்பன் பேப்பர் எழுத்தைத் திருப்பாது. மேலே எப்படி இருக்கிறதோ அப்படியே கீழே இறக்கும். நேரான எழுத்து பிளாக்கில் நேராக இறங்கியது. அச்சில் திரும்பிவிட்டது. தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கி, முன்பக்கம் வரைந்து இறக்கும் பழைய பள்ளிக்கூட முறையும் இதே கதைதான். இந்த இரண்டு முறைக்கும் மேலே வைக்கும் தாள் மிரர் பிரின்ட்டாக இருக்க வேண்டும்.

டிரேஸிங் பேப்பரில் பென்சிலால் வரைந்து, வரைந்த முகத்தை லினோவின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால், அது தானாகவே திருப்பிக்கொடுக்கும். நேரான பிரின்ட்டிலிருந்து வரைந்தாலே போதும். நான் சிபாரிசு செய்வது இதைத்தான். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

திரும்பிய தமிழ் பார்க்க வேடிக்கையாக இருக்கும். நம் வரி பிளாக்கின் வலது ஓரத்தில் 'க'வில் தொடங்கி, இடது ஓரத்தில் 'கு'வில் முடியும். 'வே'யின் இரட்டைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் வலப்பக்கம் போய் நிற்கும். '2' வாத்து எதிர்ப்பக்கம் பார்க்கும். 'ப' மட்டும் எப்படித் திருப்பினாலும் கிட்டத்தட்ட 'ப'தான். அதை மட்டும் பார்த்து 'சரியாகத்தான் இருக்கு' என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

சந்தேகமே வேண்டாம் என்றால் போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து பிளாக்கை அதன் முன்னால் காட்டுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், திரையை மட்டும் பாருங்கள். செல்ஃபி திரை கண்ணாடி மாதிரி திருப்பித்தான் காட்டும். அதில் 'கருவேப்பிலை' என்று ஒழுங்காகப் படிக்க முடிந்தால், அச்சிலும் ஒழுங்காக வரும். உளி எடுப்பதற்கு முன் இந்த 10 விநாடி சோதனையைச் செய்துவிடுங்கள். செதுக்கிய பிறகு தெரிந்து பயனில்லை, லினோவில் அழிரப்பர் கிடையாது.

1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி, ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கிய காலம் முடியும்வரை, தமிழை இப்படித் திருப்பிப் பார்ப்பது அச்சகங்களில் ஒரு தொழில்திறமை. அச்சுக் கோப்பவர்களுக்குத் திரும்பிய 'ஞ'வும் ஒன்றுதான், நேரான 'ஞ'வும் ஒன்றுதான். நமக்குத்தான் தலை சுற்றும்.

டிரேஸ் செய்வது யாருடைய கை?

டிரேஸிங் என்றால் காப்பி அடிப்பது, அதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அடுத்தவர் கையெழுத்தின் மேல் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் எழுத்து ஒழுங்காக வரும். இரண்டாவதும் வரும். 'வே' வருவதற்குள் கண் முழு வார்த்தையையும் வாசித்து முடித்திருக்கும். அதற்குப் பிறகு கை, தனக்குப் பழக்கமான 'வே'யை எழுதத் தொடங்கிவிடும். பென்சில் கோட்டின் மேலேதான் போகும். ஆனால் அம்மா சட்டென்று முடித்த இடத்தில் உங்கள் கை நீட்டி இழுக்கும். அம்மா இழுத்த இடத்தில் உங்கள் கை சுருக்கும். 12 வீட்டுக்குப் போகும் அச்சில் அம்மாவின் எழுத்தைப் போல ஒன்று இருக்கும். பெரியம்மா கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பிரின்ட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு டிரேஸ் செய்யுங்கள். தலைகீழ் எழுத்தைக் கண்ணால் வேகமாக வாசிக்க முடியாது. வாசிக்க முடியாதபோது கை எழுதாது, வரையும். இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு சின்ன வெட்டு என்று இருப்பதை மட்டும் பின்தொடரும். வலமிருந்து இடமாகவோ, கடைசி எழுத்திலிருந்து தொடங்கியோ போனாலும் சரி. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை.

நான் ஏன் மிரர் பிரின்ட்டையும் எடுக்கச் சொன்னேன் என்பதற்கும் இதுதான் பதில். பிளாக்கில் திரும்பியிருக்கும் எழுத்தைச் செதுக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அது பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் தொல்லை என்று நினைக்கும் இந்தத் திரும்பல், கையெழுத்து விஷயத்தில் நமக்கு ஒத்தாசைதான். திரும்பிய எழுத்தை உங்கள் கை இதுவரை எழுதியதே இல்லை. அதனால் அதில் உங்கள் பழக்கம் நுழைய இடம் குறைவு.

அக்கா அனுப்பியிருந்த போட்டோவை ஜூம் செய்து பார்த்தேன். 'கருவேப்பிலை'யின் கடைசி எழுத்து இப்போது நாம் எழுதும் 'லை' இல்லை. 'ல'வின் தலையில் யானைத் தும்பிக்கை வளைந்து நிற்கும் பழைய 'லை'. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களின் கையில் இந்தத் தும்பிக்கை கடைசிவரை நின்றுவிட்டது. என் வயதுக்காரர்கள் பலர் அதைப் பழைய புத்தகங்களில் மட்டும்தான் பார்த்திருப்போம். போனில் வழக்கமான ஃபான்ட்டில் தட்டினால் அது வராது. தலைகீழாக வைத்து டிரேஸ் செய்தால்தான் அந்தத் தும்பிக்கை ஒழுங்காகத் தப்பித்து வரும். நேராக வைத்தால் பாதி வழியில் கை தன் பாட்டுக்குப் புது 'லை'யை நோக்கி ஓடிவிடும்.

இன்னொன்று. அகராதிப்படி அது 'கறிவேப்பிலை'. எங்கள் டெஸ்க்குக்கு இந்த வரி வந்திருந்தால், புரூஃப் பார்க்கும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு 'றி' போட்டிருப்பார். நீங்கள் திருத்த வேண்டாம். பேனா மை விட்டு விட்டு எழுதிய இடம், புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்த இடம், 'ஆ'வின் வால் கோட்டுக்குக் கீழே போன இடம், எல்லாவற்றையும் அப்படியே எடுங்கள்.

பால்பாயின்ட் எழுத்து என்றால் கோட்டின் நடுவில் ஒற்றைக் கோடாக டிரேஸ் செய்தால் போதும். மைப்பேனாவால் தடிமனாக எழுதியிருந்தால் கோட்டின் இரு ஓரங்களையும் தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள். பென்சில் 4பி அல்லது 6பி ஆக இருக்கட்டும். ஹெச் பென்சில்களில் இருந்து லினோவுக்கு எதுவும் ஒட்டாது.

முகம் வேண்டும் என்கிறவர்களுக்கு

அக்கா கேட்கவில்லை, ஆனால் வேறு சிலர் கேட்கிறார்கள். கையெழுத்துக்குப் பதில் அம்மா, அப்பா போட்டோவையே டிரேஸ் செய்து இறக்கலாமா? இறக்கலாம். ஆனால் போட்டோவில் இருக்கும் மெல்லிய நிழல் எதுவும் லினோவுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை. மை பிடிக்கும் இடம், மை பிடிக்காத இடம். கன்னத்து நிழல் கறுப்பா வெள்ளையா என்று டிரேஸிங் பேப்பரிலேயே நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். அதை உளியிடம் விட்டால் முகம் வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

தண்டி யாத்திரை நடந்த 1930-ல் நந்தலால் போஸ் செதுக்கிய 'பாபுஜி' லினோகட்டை இணையத்தில் தேடிப் பாருங்கள். கைத்தடியுடன் நடக்கும் காந்தி. கறுப்பு, வெள்ளை அவ்வளவுதான். நிழல் தீட்டும் வேலையே கிடையாது. எண்ணிவிடக்கூடிய கோடுகளில் வயதும் வேகமும் வந்துவிடுகின்றன. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை ஓவியங்களால் அலங்கரித்த அதே போஸ்தான். தாகூர் எழுதிய 'சஹஜ் பாத்' என்ற வங்க மொழிக் குழந்தைப் பாடப்புத்தகத்துக்கும் அவர் லினோகட் படங்கள் செய்திருக்கிறார். போட்டோவை டிரேஸ் செய்ய உட்காரும் முன் அந்தப் படங்களை ஒரு பார்வை பார்த்தால், எந்தக் கோட்டை விடலாம் என்ற தைரியம் வரும்.

லினோவுக்கு ஏன் பென்சில் ஒட்டுவதில்லை?

லினோலியம் என்பது தரைவிரிப்பாகப் பிறந்த பொருள். 1860-களில் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் வால்டன் கண்டுபிடித்தது. ஆளி விதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின் மேல் பரப்பிச் செய்கிறார்கள். உங்கள் ஷீட்டின் பின்பக்கம் சாக்கு மாதிரி இருப்பது அந்தச் சணல்தான். எண்ணெயில் பிறந்ததால் முகத்தில் ஒரு வழவழப்பு இருக்கும். புது ஷீட்டில் பென்சில் வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

மெல்லிய உப்புத்தாளால், 400 நம்பர் கிடைத்தால் நல்லது, வட்டம் வட்டமாக லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பளபளப்பு போனால் போதும், பள்ளம் விழக் கூடாது. நேரமிருந்தால் தண்ணீராகக் கரைத்த சிவப்பு அக்ரிலிக் பெயின்ட்டைத் துணியில் தொட்டு மேலோட்டமாகத் துடைத்துவிட்டு உலரவிடுங்கள். பிறகு செதுக்கும்போது வெட்டிய இடம் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். எதை வெட்டினோம், எதை விட்டோம் என்று குழம்பாது. இந்தச் சாயத்தை எழுத்தை இறக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

இப்போது இறக்குவது. டிரேஸிங் பேப்பரை, பென்சில் முகம் கீழே இருக்கும்படி லினோவின் மேல் கவிழ்த்து வையுங்கள். மேல் ஓரத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒட்டக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு மாதிரி தூக்கிப் பார்த்து, சரியாக விழவில்லை என்றால் அதே இடத்தில் மூடி மறுபடி தேய்க்கலாம். தேய்ப்பதற்கு எவர்சில்வர் கரண்டியின் முதுகே போதும். சின்னச் சின்ன வட்டமாக, ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு தேயுங்கள். சில இடங்கள் மங்கலாக வந்தால், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அந்தக் கோட்டின் பின்பக்கம் மட்டும் ஒரு முறை ஓட்டுங்கள். இங்கே அழுத்தலாம், அடியில் அம்மாவின் நோட்டு இல்லை.

ஒரு எச்சரிக்கை. சிலர் லினோவுக்குப் பதில், அழிரப்பர் மாதிரி மெத்தென்றிருக்கும் ரப்பர் பிளாக் வாங்கியிருப்பீர்கள். அதில் கரண்டியால் லேசாகத் தேய்த்தாலே பென்சில் கச்சிதமாக இறங்கிவிடும். பேனாவால் அழுத்தினால் அழுத்திய தடமே பள்ளமாகி, அச்சில் தேவையில்லாத வெள்ளைக் கோடாக வரும்.

இறங்கிய பென்சில், கை பட்டால் கலைந்துவிடும். செதுக்க இரண்டு நாள் ஆகும் என்றால் மூன்றாம் எழுத்தை முடிக்கும்போது முதல் எழுத்து புகையாகியிருக்கும். அதனால் உடனே, மெல்லிய நிப் கொண்டு தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க்கால் கோட்டின் மேல் ஓட்டிவிடுங்கள். மிரர் பிரின்ட்டைப் பார்த்துச் சரிசெய்ய இதுதான் கடைசி வாய்ப்பு. பெர்மனென்ட் மார்க்கரும் பயன்படும். ஆனால் அதன் நிறம் முதல் சில அச்சுகளில் கசிந்து கலக்க வாய்ப்புண்டு. வெளிர் நிறத்தில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவர் முறை தேவையா?

ஜெராக்ஸ் தாளைக் கவிழ்த்துப் பின்னால் அசிட்டோன் தடவித் தேய்த்தால் கறுப்பு அப்படியே லினோவுக்கு இறங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். உண்மைதான், இறங்கும். டோனர் பயன்படுத்தும் ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரின்ட்டாக இருக்க வேண்டும். வீட்டு இங்க்ஜெட் பிரின்ட் என்றால் வேலைக்காகாது. ரிமூவர் பாட்டிலில் அசிட்டோன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், அசிட்டோன் இல்லாத வகைகளும் கடையில் இருக்கின்றன. பஞ்சை நனைத்துப் பிழிந்து, குறைவாகத் தடவ வேண்டும். அதிகமானால் எழுத்து பரவும், லினோவின் முகமும் இளகும். ரப்பர் பிளாக்கில் இதை முயற்சி செய்யவே வேண்டாம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியாத அறையில், குழந்தைகளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

நுணுக்கமான படங்களுக்கு இது நல்ல வழி. கையெழுத்துக்கு எனக்கு இதில் இஷ்டமில்லை. டிரேஸ் செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எந்த வளைவு எங்கே திரும்புகிறது என்று உங்கள் கைக்குத் தெரிய வருகிறது. அது தெரியாமல் உளி எடுத்தால் முதல் சுழியிலேயே தடுமாறும்.

எழுத்தை வெட்டுவதா, எழுத்தைச் சுற்றி வெட்டுவதா?

எழுத்து கறுப்பாக வர வேண்டும் என்றால், எழுத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மதில் மாதிரி எழுத்து நிற்கும். முதல் முறை செய்பவர்களுக்கு அது உடையும். அக்கா, நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். எழுத்தை மட்டும் வெட்டுங்கள். மீதி லினோ அப்படியே இருக்கட்டும். அச்சில் கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வரும். மெல்லிய வி வடிவ உளியால் இங்க் கோட்டின் மேலேயே ஒரே ஓட்டம். வளைவில் உளியைத் திருப்பாமல், மற்ற கையால் பிளாக்கைத் திருப்புங்கள். பிளாக்கைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். 'ப்', 'ர்', 'க்' மூன்றின் புள்ளிகளுக்கும் உளி முனையை நட்டு, பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். லினோ விறைப்பாக இருந்தால் மொட்டை மாடி வெயிலில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். வெண்ணெய் மாதிரி வெட்டும்.

12 பிரதி வேண்டுமென்றால் 18 தாள் நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று எப்போதுமே மங்கலாகத்தான் வரும். ரோலரில் இங்க் மெல்லிசாக இருக்கட்டும். அதிகமானால் அவ்வளவு பாடுபட்டு எடுத்த மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த இங்க் என்றால் ஃபேனை நிறுத்திவிடுங்கள், தாள் வைப்பதற்குள் காய்ந்துவிடும். ஆயில் இங்க் நிதானமாக வேலை செய்ய இடம் கொடுக்கும், ஆனால் காய நாள் கணக்கில் ஆகும். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதல். அதனால் நினைவு நாளுக்குப் பத்து நாள் முன்பாவது அச்சடித்துக் கொடியில் மாட்டிவிடுங்கள்.

மெயிலின் கடைசியில் அக்கா இன்னொன்றும் கேட்டிருந்தார். வேலை முடிந்ததும் நோட்டை லேமினேட் செய்துவிடலாமா? வேண்டாம். லேமினேஷனில் சூடும் பசையும் சேர்ந்து தாளோடு ஒட்டிவிடும். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், சில வருடங்களில் அது பழுப்பேறி எழுத்தையும் கறையாக்கிவிடும். சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் படுக்கை வாக்கில் வையுங்கள். எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பிவிடுங்கள். சொதி வைக்கும்போது அடுப்படியில் பார்த்துக்கொள்ள ஜெராக்ஸ் போதும்.